அண்டா வாய் லென்ஸ்

கோவில்பட்டி வாசகர் ஒருவர் கேட்கிறார்: “மகள் ஹாக்கி ஆடுகிறாள். புதுப் போனில் நூறு மடங்கு ஜூம் இருக்கிறதாம். அப்புறம் எதற்கு இவ்வளவு விலையில் லென்ஸ்?”

அந்த நூறு மடங்கில் பெரும்பகுதி, எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். இல்லாத விவரத்தை மென்பொருள் ஊகித்து நிரப்பும். அசையாத நிலாவுக்கு அது சரிப்படலாம். பெனால்டி கார்னருக்குச் சரிப்படாது.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பாயும் பந்து, நொடியில் 250-ல் ஒரு பங்கு நேரத்துக்குள் 11 செ.மீ. நகர்ந்துவிடும். பந்தின் விட்டமே 7 செ.மீ. சொச்சம். படத்தில் மிஞ்சுவது ஒரு வெள்ளைக் கோடு. ஷட்டரை 2,000-ல் ஒரு பங்காகக் குறைத்தால் பந்து உருண்டையாகவே விழும். ஆனால் வெளிச்சம் எட்டில் ஒன்றாகிவிடும்.

வெளிச்சம் குறைந்தால் படம் இருட்டாகும், அவ்வளவுதானே? அதுதான் இல்லை. வெளிச்சம் மழைபோல ஃபோட்டான் ஃபோட்டானாக, முன்பின்னாக விழுகிறது. மழையில் முற்றத்தில் தம்ளர்களை வரிசையாக வைத்துச் சட்டென்று மூடிப் பாருங்கள். ஒன்றில் 10 துளி, பக்கத்தில் 7, அடுத்ததில் 13. பெய்தது ஒரே மழைதான். கேமரா சென்சாரின் பிக்சல்களும் இந்தத் தம்ளர்கள் மாதிரிதான். சராசரி 100 துளி என்றால் ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய 10, அதாவது பத்து சதவீதம். 10,000 துளி என்றால் 100, ஒரு சதவீதம்தான். எப்போதும் வர்க்கமூலக் கணக்கு. இரவு ஆட்டப் படங்களில் ஜெர்சி முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரிவதில் பெரும்பங்கு இதற்குத்தான். படத்தை வெளிச்சமாக்க ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினாலும் துளி அதிகமாகாது. ஏற்றத்தாழ்வும் சேர்ந்தே பெரிதாகும். விளம்பரங்கள் புகழ்கிற ஸ்டெபிலைசரோ, தம்ளரை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் ஆள். அவர் மழையைக் கூட்டமாட்டார், ஓடுகிறவளை நிறுத்தவும் மாட்டார்.

ஆக, வாய் அகன்ற அண்டாவில் பிடித்துத் தம்ளர்களுக்குப் பங்கிட வேண்டும். எந்தத் துளி எந்தத் திசையிலிருந்து வந்தது என்று பார்த்துப் பங்கிடும் அண்டா எந்த வீட்டிலும் கிடையாது. லென்ஸ் அதைச் செய்கிறது. உவமை உடைந்தால் உடையட்டும்.

வாயின் அகலத்தை அறிய, குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் போதும். 400 மி.மீ., எஃப் 2.8 லென்ஸுக்கு 143 மி.மீ. மலிவான 300 மி.மீ., எஃப் 5.6-க்கு 54 மி.மீ. போனுக்குச் சில மில்லிமீட்டர். ஒரே இடத்தில் நின்று ஒரே வீராங்கனையை எடுத்தால், முதலாவது இரண்டாவதைவிட ஏழு மடங்கு வெளிச்சம் பிடிக்கும். பத்து லட்சத்துக்கு மேல் விலை கேட்பது இந்த வாய்க்குத்தான்.

வரலாறும் வேண்டும் என்பவர்களுக்கு: 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கென்றே சைஸ் நிறுவனம் 180 மி.மீ., எஃப் 2.8 லென்ஸ் ஒன்றைச் செய்தது. தியான்சந்தின் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வென்றதும் அங்கேதான்.

வாசகருக்கு வருவோம். மகளின் ஆட்டம் பகலில் என்றால் மலிவான 300 போதும். நல்ல வெயிலில் எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 400 வைத்தாலே ஷட்டர் 2,000-ஐத் தாண்டும். ஃப்ளட்லைட் ஆட்டங்கள்தான் அதிகம் என்றால், செகண்ட்ஹேண்டில் 70-200 மி.மீ., எஃப் 2.8 பாருங்கள். மைதானத்தின் மறுகோடிக்கு அது எட்டாது. கோல் கம்பத்துக்குப் பக்கவாட்டில், வலைக்கு வெளியே இடம் பிடித்து, அவள் 25 மீட்டருக்குள் வரும்வரை காத்திருந்து அழுத்துங்கள்.