நான்கு மணிக்குப் பிறகு யார் துணை?

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பெற்றோரின் தொழிலை எழுத ஒரு கட்டம் உண்டு. பீடித் தொழில், விவசாயக் கூலி, ஜவுளிக்கடைப் பணி, செவிலியர், ஓட்டுநர் என்று அதில் குறிக்கிறோம். அந்த வேலை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று எழுத அங்கே இடமில்லை. ஆனால் ஒரு குழந்தையின் தூக்கம், வீட்டுப்பாடம், பாதுகாப்பு ஆகிய மூன்றையும் தீர்மானிப்பதில் தொழிலின் பெயரைவிட அதன் நேரத்துக்குப் பங்கு அதிகம். பள்ளி மணி அடித்ததிலிருந்து பெற்றோர் வீடு திரும்பும் வரை அந்தக் குழந்தை யாருடைய பொறுப்பில் இருக்கிறது? ஆசிரியர்களாகிய நாம் இதைத் தெரிந்துகொள்வது ஏன் தேவை, தெரிந்தபின் என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆற்றங்கரையின் வேலை நேரங்கள்

பாபநாசத்திலிருந்து திருநெல்வேலி வரை தாமிரபரணிப் பாசனப் பகுதியில் கார், பிசானம் என இரண்டு பருவம் நெல் விளைகிறது. நடவும் களையெடுப்பும் நடக்கும் நாட்களில் பெண்கள் விடிவதற்கு முன்பே சமைத்து வைத்துவிட்டு வயலுக்குப் புறப்படுகிறார்கள். நயினார்குளம் மொத்தச் சந்தையை நம்பி வாழும் சுமைதூக்குவோருக்கும் சில்லறை வியாபாரிகளுக்கும் வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும். செங்கல் சூளைகளிலும் அப்படித்தான். தூய்மைப் பணியாளர்கள் காலை வகுப்பு தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே தெருவில் நிற்கிறார்கள்.

மாலைக்குப் பிறகு வேறொரு கூட்டம் வேலையில் இருக்கிறது. சந்திப்பு, வண்ணார்பேட்டை, டவுண் பகுதிகளின் ஜவுளிக்கடைகளிலும் உணவகங்களிலும் வேலை முடிய இரவு ஒன்பது, பத்து மணி ஆகும். ஆடித் தள்ளுபடி, தீபாவளிக் காலங்களில் இன்னும் தாமதமாகும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் செவிலியர்களுக்கும் மருத்துவமனைப் பணியாளர்களுக்கும் இரவுப் பணி முறை வைத்து வரும்.

இந்த வரிசையில் சற்று மாறுபட்டது பீடித் தொழில். மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், கடையம் வட்டாரங்களில் பல்லாயிரம் பெண்கள் வீட்டுத் தார்சாவில் அமர்ந்து பீடி சுற்றுகிறார்கள். "அம்மா வீட்டில்தான் இருக்கிறார்" என்று குழந்தை சொல்லும். அது உண்மைதான். ஆனால் மடியில் தட்டு, அதில் இலையும் தூளும். கை நின்றால் கணக்குக் குறையும். சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு வரும் நேரம் தனி. அம்மா வீட்டில் இருப்பது வேறு, குழந்தையைக் கவனிக்க அவருக்கு நேரம் இருப்பது வேறு. இந்த வேறுபாட்டை நாம் புரிந்துகொண்டாலே பாதி விளங்கிவிடும்.

எந்த நேரத்துக்கு என்ன ஏற்பாடு?

நம் மாநிலத்தில், வீட்டில் ஆளில்லாத நேரத்தைப் பள்ளி ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறது. காமராசர் காலத்தில் 1956-இல் தொடங்கி, 1982-இல் சத்துணவாக விரிந்த மதிய உணவு நண்பகலை ஏற்றது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023-இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அதிகாலையில் வேலைக்குச் செல்லும் தாய்மாரின் பெரிய கவலையைக் குறைத்தது. இவை இரண்டும் உணவுத் திட்டங்கள். ஆயினும் அந்த நேரங்களில் குழந்தை ஒரு பெரியவரின் பார்வையில், பாதுகாப்பான இடத்தில் இருக்கிறது என்பது அவற்றின் மற்றொரு பயன்.

மாலை நேரத்தைத் தொட்டது இல்லம் தேடிக் கல்வி. பெருந்தொற்றுக் காலத்தின் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், தன்னார்வலர்கள் தம் வீட்டருகே மாலை 5 முதல் 7 மணிக்குள் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தார்கள். கற்றல் இழப்பைச் சரிசெய்யத் தொடங்கிய அந்த மையம், வேலையில் இருக்கும் தாய்க்குத் தன் பிள்ளை தெரிந்த ஓர் அக்காவின் வீட்டு முற்றத்தில் இருக்கிறது என்ற நிம்மதியையும் தந்தது. பின்னாளில் திட்டத்தின் பரப்பு சுருங்கியிருந்தாலும், அது காட்டிய வழி மறைந்துவிடவில்லை.

ஏழு மணிக்குப் பிறகு? ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான அங்கன்வாடி பிற்பகலோடு முடிந்துவிடும். அங்கன்வாடியுடன் இணைந்த குழந்தைக் காப்பகங்களுக்கான பால்னா திட்டமும் பகல் நேரத்துக்கு உரியதுதான். இரவு நேரத்துக்கென ஓர் ஏற்பாடும் நம் பகுதியில் பரவலாக இல்லை. ஆச்சியோ சித்தியோ பக்கத்து வீட்டாரோதான் அந்த நேரத்தைத் தாங்குகிறார்கள். வெளியூரிலிருந்து பிழைக்க வந்து வாடகை வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு அவர்களும் இல்லை.

சட்டம் எட்டும் தூரம்

வேலை செய்யும் தாயின் குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வியைச் சட்டங்கள் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 1976 திருத்தத்துக்குப் பின், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்றது. மாஞ்சோலை போன்ற தேயிலைத் தோட்டங்களுக்கு 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் இதே ஏற்பாடு இருந்தது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத்தளத்தில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட சிறு குழந்தைகள் இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்திக் கூலியும் தர வேண்டும் என்றது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம்.

இவை எல்லாவற்றிலும் இரண்டு இடைவெளிகள் உண்டு. முதலாவது, இவை ஓர் ஆலை, தோட்டம், அலுவலகம் என்ற இடத்தை மையமாகக் கொண்டவை. 1966-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொழிற்கூடத்தில் காலை 6 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் பெண்களை வேலை வாங்கக் கூடாது என்று அது விதித்தது. காப்பக அறையையும் கேட்டது. ஆனால் வேலை வீட்டுக்குள் வந்துவிட்டபோது அந்த நேர வரம்பும் காப்பகமும் கூடவே வரவில்லை. இரவு பத்து மணிக்கு விளக்கடியில் பீடி சுற்றும் தாயை அந்த விதி எட்டவில்லை. இரண்டாவது, காப்பகம் பற்றிய விதிகள் பெரும்பாலும் ஆறு வயதோடு நின்றுவிடுகின்றன. ஏழு வயதுக் குழந்தை மாலையில் தனியாக இருக்கலாம் என்று எந்தத் தாயும் நினைப்பதில்லை.

மற்ற இடங்களில்

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. 1969-இல் டெல்லியில் மீரா மகாதேவன், கட்டடத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காக வேலைத்தளத்திலேயே காப்பகம் தொடங்கினார். வேலை இடம் மாறினால் காப்பகமும் இடம் மாறும். அதனால் 'மொபைல் கிரெஷஸ்' என்று பெயர் பெற்றது. ஜப்பானில், இரவு வேலை செய்யும் தாய்மார் முறையான கண்காணிப்பில்லாத தனியார் விடுதிகளில் குழந்தைகளை விட்டுச் சென்றதும், அங்கே நேர்ந்த குழந்தை மரணங்களும் நாட்டையே உலுக்கின. அதன்பின் 1981-இல், இரவு 10 மணி அளவு வரை இயங்கும் காப்பகங்களுக்கு அரசு அங்கீகாரம் அளிக்கத் தொடங்கியது. சுவீடனின் 2010-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பெற்றோரின் வேலை நேரம் காரணமாகத் தேவைப்பட்டால் மாலையிலும் இரவிலும் வார இறுதியிலும் குழந்தைகளைப் பராமரிக்க உள்ளாட்சிகள் முயல வேண்டும் என்கிறது. இந்த மூன்று இடங்களிலும் காப்பகத்தின் நேரத்தையும் இடத்தையும் பெற்றோரின் வேலைக்கு ஏற்ப மாற்றினார்கள்.

அக்கா என்னும் காப்பாளர்

நம் ஊரில் இந்த இடைவெளியை நிரப்புவது யார் என்று பார்த்தால், பல வீடுகளில் ஆறாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படிக்கும் மூத்த பெண்பிள்ளைதான். கடைசி மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். தம்பியை அங்கன்வாடியிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ கூட்டிவந்து, சோறு போட்டு, தூங்கவைத்த பிறகுதான் அவளுடைய புத்தகம் திறக்கும். பீடி சுற்றும் வீடாக இருந்தால், இடையில் பீடியின் முனை மடக்கவும் கை கேட்கும். பீடி தயாரிப்பு, 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலேயே தடைப் பட்டியலில் இடம்பெற்ற தொழில் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இந்தப் பிள்ளை வகுப்பில் எப்படித் தெரிகிறாள்? முதல் பாடவேளையில் கண் அயர்கிறாள். வீட்டுப்பாடம் பாதியில் நிற்கிறது. சிறப்பு வகுப்புக்கும் விளையாட்டுப் பயிற்சிக்கும் நிற்க மறுக்கிறாள். நடவுக் காலத்தில் வருகை குறைகிறது. இவற்றை ஆர்வமின்மை என்று எடுத்துக்கொண்டால் கண்டிப்பு பிறக்கும். பொறுப்பின் சுமை என்று எடுத்துக்கொண்டால் உதவி பிறக்கும். உதவி கிடைக்காத பிள்ளைகள்தான் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் மெல்ல மெல்ல நின்றுவிடுகிறார்கள்.

தம்பி, தங்கைக்கும் ஆபத்து உண்டு. பார்க்க ஆளில்லாத மாலையில் பிள்ளைகள் ஆற்றுக்கோ வாய்க்காலுக்கோ குளத்துக்கோ போகிறார்கள். அடுப்பும் மின்சாரமும் இருக்கும் வீட்டில் தனியாக இருக்கிறார்கள். பெரியவர் இல்லாத வீட்டைத் தவறான நோக்கமுள்ளவர்களும் கவனிக்கிறார்கள்.

நம்மால் செய்யக்கூடியவை

முதலில், தெரிந்துகொள்வோம். தொடக்க வகுப்பில் ஒரு கடிகாரம் வரையச் சொல்லி, நான்கு மணி முதல் ஒன்பது மணி வரை யாருடன் இருக்கிறாய் என்று ஒவ்வொரு மணிக்கும் ஒரு படம் வரையச் சொல்லலாம். நேரம் பார்க்கக் கற்பிக்கும் கணக்குப் பாடத்திலேயே இது பொருந்தும். உயர் வகுப்புகளில் 'என் மாலைப் பொழுது' என்று ஒரு பத்தி போதும். கிடைக்கும் விவரத்தை வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டாம். ஆசிரியரின் குறிப்பேட்டோடு இருக்கட்டும். வீடு பூட்டியிருக்கும் என்பது ஊருக்கெல்லாம் தெரியவேண்டிய செய்தி அல்ல.

இரண்டாவது, வீட்டுப்பாடம். பெரியவர் உதவியில்லாமல் செய்யக்கூடியதாக அது இருக்கட்டும். கடைசிப் பாடவேளையில் பத்து நிமிடம் ஒதுக்கி அங்கேயே தொடங்கவைத்தால், வீட்டில் முடிப்பது எளிது. இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தி, ஜவுளிக்கடையில் நிற்கும் அம்மாவின் கைப்பேசிக்குத்தான் போகும், பிள்ளைக்குப் போகாது.

மூன்றாவது, பெற்றோர் கூட்டம். பிற்பகல் மூன்று மணிக் கூட்டத்துக்கு வர, ஒரு தாய் அரைநாள் கூலியை இழக்க வேண்டும். வராதவர்களை அக்கறையற்றவர்கள் என்று முடிவு செய்யுமுன், அவர் எந்த நேரத்தில் பேச முடியும் என்று கேட்டு, தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசலாம்.

நான்காவது, மூத்த பிள்ளையின் சுமையை இறக்கும் வழி. வீட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் அங்கன்வாடியில் சேர்ந்திருக்கிறதா என்று விசாரித்து, அங்கன்வாடிப் பணியாளரிடம் பேசலாம். குழந்தை தனியாக விடப்படுவதில் ஆபத்தோ துன்புறுத்தலின் அறிகுறியோ தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவிப்பது நம் கடமை. அந்த எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. குழந்தைகளுக்கும் அதை மனப்பாடம் செய்துவைக்கலாம்.

மாலையில் ஓர் இடம்

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். மாலைப் பொழுது பற்றிப் பேசப் பொருத்தமான இடம் அதுதான். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், சுய உதவிக் குழு, ஊராட்சி, ஊர்ப்புற நூலகம் ஆகியோரைச் சேர்த்தால், ஊரில் ஏழு அல்லது எட்டு மணி வரை பிள்ளைகள் இருக்க ஓர் இடம் அமையக்கூடும்.

அது டியூஷன் மையம் போல இருக்க வேண்டியதில்லை. அங்கே படிப்பைவிட முக்கியமான சில உண்டு. ஊரார் அறிந்த இரண்டு பெரியவர்கள் எப்போதும் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். வந்த நேரம், போன நேரம், கூட்டிச்சென்றவர் பெயர் ஆகியவற்றுக்கு ஒரு பதிவேடு வேண்டும். பெற்றோர் சொன்ன ஆளிடம் மட்டுமே பிள்ளையை அனுப்ப வேண்டும். வெளிச்சம், குடிநீர், கழிவறை, சுண்டலோ பழமோ ஏதாவது ஒரு தின்பண்டம் வேண்டும். மூடும் நேரம் வந்தும் யாரும் வராவிட்டால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். இவை இல்லாமல் இடத்தை மட்டும் திறப்பது பாதுகாப்பாகாது.

இந்த இடத்தை ஆசிரியரே நடத்த வேண்டும் என்பது பொருளல்ல. நம்மில் பலரும், குறிப்பாக ஆசிரியைகள், பயிற்சிக்கும் தேர்தல் பணிக்கும் செல்லும் நாட்களில் நம் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று தவிப்பவர்கள்தான். எந்தெந்த வீட்டில் எந்த நேரத்தில் ஆளில்லை என்பதை ஊரில் வேறு எவரையும்விட நம்மால் விரைவில் அறிய முடியும். அதை அறிந்து, உரியவர்களிடம் எடுத்துச் சொல்வதே நம் பங்கு.

இந்த வாரம் ஒரு பாடவேளையில் அந்தக் கடிகாரத்தை வரையச் சொல்லிப் பாருங்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில், ஆறு மணிக்கு நேரே யாரையும் வரையாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேச்சைத் தொடங்க அந்த எண் போதும்.