கம்ப்யூட்டருக்குள் ஓர் இன்ஸ்பெக்டர்!

குடம் ஒன்று, பார்வை மூன்று

திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையம், பாத்திரத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். ஒரு பித்தளைக் குடத்தை வியாபாரி எடை போட்டுப் பார்ப்பார். தொழிலாளி பற்றவைத்த இடத்தைத் தடவிப் பார்ப்பார். குடும்பப் பெண் தண்ணீர் ஊற்றி, ஒழுகுகிறதா என்று பார்ப்பார்.

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கும் இப்படிப் பல பார்வை தேவை.

போலீஸ் அல்ல!

புரோகிராமுக்குள் இருக்கும் ஒரு பொருளைத் திறந்து காட்டும் ஜன்னலுக்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர். அமெரிக்காவில், ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் 1970-களில் உருவான 'ஸ்மால்டாக்' மொழியில் இது உண்டு.

பனியன் ஆர்டர் ஒன்றைப் புரோகிராமில் வைத்திருந்தால், சாதாரண இன்ஸ்பெக்டர் அதை வெறும் பட்டியலாகக் காட்டும். சிவப்பு நிறம்கூட எண்களாகவே தெரியும். அதில் தவறு இருந்தால் கண்டுபிடிப்பது கடினம்.

இதற்கு வழி என்ன?

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும், டியூடர் கிர்பா என்ற நிபுணரும் 2015-ல் ஒரு வழியை விளக்கினார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஏற்ற பார்வையைப் புரோகிராம் எழுதுகிறவரே சேர்த்துக்கொள்ளலாம். நிறம் நிறமாகவே தெரியும். அளவுவாரியாக எத்தனை பனியன் என்பது அட்டவணையாக வரும். தவறு சட்டென்று கண்ணில் படும்!

யார் பார்க்கிறார்? எதைத் தேடுகிறார்? இதைக் கேட்ட பிறகே பார்வையை அமைக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழைய பட்டியலைத் தூக்கி எறியக்கூடாது. அழகான பார்வை குறையை மறைத்துவிடலாம்.

பளபளக்கும் குடமும் ஒழுகும் அல்லவா?