கார் இழுக்கலையா? இன்ஜினை இறக்கும் முன் 'டைமிங்' பாருங்க!

பழைய கார் வைத்திருப்பவர்களே, உஷார்! மேட்டில் வண்டி திணறுகிறதா? காலையில் ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணுகிறதா? பெட்ரோலை குடித்து தீர்க்கிறதா? "இன்ஜின் போச்சு, போர் பண்ணணும்" என்று யாராவது சொன்னால் உடனே பர்சை திறக்காதீர்கள். பல வண்டிகளில் கோளாறு இன்ஜினில் இருக்காது. டைமிங்கில்தான் இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரை அரை நூல் திருப்பி வைத்தாலே சரியாகிவிடும்.

அம்பாசிடர், மாருதி 800 இரண்டுமே 2014-ல் உற்பத்தி நின்றுபோன வண்டிகள். 'பியட்' என்று நாம் கூப்பிடும் பத்மினி அதற்கும் முன்பே நின்றுவிட்டது. மும்பையின் கடைசி பத்மினி டாக்சியும் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. இந்த வண்டிகளில் கை பழகிய மெக்கானிக்குகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதனால் வண்டிக்காரரே கொஞ்சம் விஷயம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

டைமிங்னா என்ன?

உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதை பார்த்திருப்பீர்கள். ஒருத்தர் முந்தினாலும் பிந்தினாலும் உலக்கையோடு உலக்கை மோதும். இன்ஜினும் அப்படித்தான்.

பிஸ்டன் மேலே ஏறி பெட்ரோல் காற்றை அழுத்துகிறது. பிளக் தீப்பொறி விடுகிறது. ஆனால் பெட்ரோல் எரிந்து முடிய கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு சற்று முன்பே பொறி விழ வேண்டும். நிமிடத்துக்கு 3 ஆயிரம் சுற்று சுற்றும்போது, ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கிராங்க் 18 டிகிரி திரும்பிவிடும். அந்த அளவுக்கு நுணுக்கமான கணக்கு இது.

பொறி முந்தினால் 'அட்வான்ஸ்'. பிந்தினால் 'ரிட்டார்ட்'.

எப்படி கண்டுபிடிப்பது?

அட்வான்ஸ் அதிகமானால்: ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது 'கிட்டு கிட்டு' என்று நாக்கிங் சத்தம் வரும். சூடான இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினால் எதிர்த்து உதைக்கும். இப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகும் ஆபத்து உண்டு.

ரிட்டார்ட் ஆனால்: பிக்கப் இருக்காது. இன்ஜின் சூடாகும். மைலேஜ் குறையும். சைலன்சரில் 'டப் டப்' என்று வெடிக்கும்.

ஒன்றை கவனிக்க வேண்டும். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் போட்டாலும் நாக்கிங் வரும். நேற்று வரை நன்றாக ஓடிய வண்டி பெட்ரோல் போட்ட பிறகு தட்டினால், முதலில் பெட்ரோலை சந்தேகப்படுங்கள்.

முதலில் பாயிண்ட், அப்புறம்தான் டைமிங்!

பிளக், பிளக் ஒயர் இரண்டையும் முதலில் பாருங்கள். ஒயர் மாறியிருந்தால் எத்தனை டைமிங் வைத்தாலும் பயன் இல்லை. அம்பாசிடர், பியட் இரண்டுக்கும் வரிசை 1-3-4-2. மாருதி 800-க்கு 1-3-2.

அடுத்து பாயிண்ட் கேப். ஏறக்குறைய 0.4 மி.மீ. இருக்கும். சரியான அளவு வண்டி புத்தகத்தில் இருக்கும். பாயிண்டின் அடிக்கட்டை தேயத் தேய கேப் குறையும். கேப் குறைந்தால் டைமிங் தானாக ரிட்டார்ட் ஆகும். போகப் போக வண்டி இழுக்காமல் போவதற்கு இது முக்கிய காரணம். டைமிங் வைத்துவிட்டு பாயிண்டை தொட்டால் செய்த வேலை அத்தனையும் வீண்.

ஒரு பல்ப் போதும்!

பாயிண்ட் உள்ள வண்டிக்கு 12 வோல்ட் பல்ப், 2 துண்டு ஒயர் இருந்தால் போதும்.

* வண்டியை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுங்கள்.

* ஒன்றாம் பிளக்கை கழற்றி, ஓட்டையை கட்டைவிரலால் மூடுங்கள். இன்ஜினை கையால் சுற்றுங்கள். காற்று விரலை தள்ளினால் அது கம்ப்ரஷன்.

* புல்லியில் உள்ள குறியை, புத்தகத்தில் சொன்ன டிகிரிக்கு நேராக நிறுத்துங்கள்.

* காயிலில் இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு போகும் ஒயரில் பல்பின் ஒரு முனை. மறுமுனை பாடி எர்த். சாவியை ஆன் பண்ணுங்கள்.

* டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப்பை தளர்த்தி, ரோட்டர் சுற்றும் பக்கமாக திருப்பி பல்ப்பை அணைய விடுங்கள். பிறகு எதிர்ப்பக்கமாக மெதுவாக திருப்புங்கள். பல்ப் எரிந்த அந்த இடத்திலேயே நிறுத்தி டைட் பண்ணுங்கள்.

வேலை முடிந்ததும் சாவியை ஆப் பண்ண மறக்காதீர்கள். இல்லாவிட்டால் காயில் சூடாகி கெட்டுவிடும். பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் டைப் வண்டிக்கு இந்த பல்ப் வேலை உதவாது. டைமிங் லைட் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். லைட் அடித்து பார்க்கும்போது இன்ஜின் ஓடும். அப்போது பேன் பக்கத்தில் துண்டு, தொங்கும் சட்டை கூடவே கூடாது!

திருப்பியும் சரியாகலையா?

டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்து கார்புரேட்டருக்கு போகும் சின்ன ரப்பர் குழாயை பாருங்கள். அதன் கார்புரேட்டர் பக்க முனையை கழற்றி வாயால் உறிஞ்சினால் உள்ளே பிளேட் அசைய வேண்டும். அசையாவிட்டால் வேக்குவம் டயாப்ரம் கிழிந்திருக்கலாம்.

அதுவும் சரி என்றால் வால்வு டைமிங்தான் மிச்சம். அம்பாசிடர், பியட்டில் செயின். மாருதி 800-ல் ரப்பர் பெல்ட். கிராங்க் 2 சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். இந்த கணக்கில் ஒரு பல் தாண்டினாலும் கம்ப்ரஷன் குறையும். அதற்கு டிஸ்ட்ரிபியூட்டரை திருப்பி பிரயோஜனம் இல்லை. கவரை கழற்றி கிராங்க் குறியும் கேம் குறியும் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாருதி 800 ஓடும்போதே திடீரென்று நின்றுவிட்டதா? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை கழற்றி செல்ப் அடிக்க சொல்லுங்கள். இன்ஜின் சுற்றியும் ரோட்டர் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் பெல்ட் அறுந்திருக்கும். மறுபடி மறுபடி செல்ப் அடிக்காதீர்கள். பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வை இடித்து வளைத்துவிடும். அப்புறம் செலவு பெல்ட்டோடு நிற்காது.

பெல்ட்டில் வெடிப்பு தெரிந்தாலோ, ஆயில் பட்டிருந்தாலோ உடனே மாற்றுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி, பெல்ட் எப்போது போட்டார்கள் என்று தெரியவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். புதுசு போட்டுவிட்டு, கி.மீ. கணக்கை பேனட் உள்பக்கம் எழுதி ஒட்டி வையுங்கள்.

கடைசியாக ஒரு டெஸ்ட். டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுசாக மிதியுங்கள். லேசாக தட்டி உடனே நின்றால் கவலை இல்லை. தொடர்ந்து தட்டினால் ரோட்டர் சுற்றும் பக்கமாக மயிரிழை திருப்புங்கள்.

15 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க போகிறவர்கள் இதை கண்டிப்பாக செய்ய வேண்டும். டைமிங் தவறி பெட்ரோல் சரியாக எரியாத வண்டி புகை டெஸ்டிலும் மாட்டிக்கொள்ளும்!