தொப்பையும் கணுக்காலும்

ஆடாமல் அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும்போதும் உடல் முன்னும் பின்னும் மெல்லச் சாய்ந்துகொண்டுதான் இருக்கிறது. சாயச் சாய கெண்டைக்கால் தசை அதை இழுத்துப் பிடிக்கிறது. நின்றிருக்கும் வரை இந்த வேலைக்கு ஓய்வே கிடையாது. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்கு இந்தப் பாடு இல்லை. அதன் கனமெல்லாம் அடியில் இருப்பதால் தள்ளிவிட்டாலும் தானே நிமிர்ந்துவிடும். நமக்கோ ஈர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உயரத்தில் ஏறக்குறைய 55 சதவீதத்தில் இருக்கிறது. அவ்வளவு மேலே இருக்கும் கனத்துக்கு அடித்தளம் இரண்டு பாதங்களும் இடையிலுள்ள தரையும் மட்டுமே.

அந்த மையத்திலிருந்து நேர்கீழாக ஒரு கோடு இழுத்தால், அது கணுக்கால் மூட்டுக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் இறங்கும். தொப்பை பெருக்கும்போது முன்பக்கக் கனம் கூடி, கோடு கால்விரல் பக்கம் நகரப் பார்க்கும். உடல் முதுகைப் பின்னுக்கு வளைத்து ஈடுகட்டுகிறது. கர்ப்பிணிகள் அப்படி நிற்பதும் இதனால்தான்.

ஒரே உயரம், ஒரே அளவு சாய்வு என்றால், 70 கிலோ ஆளைவிட 100 கிலோ ஆளின் கணுக்கால் 40 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் விசை தர வேண்டும். பாதத்தின் நீளமோ இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். கனடாவின் லவால் பல்கலைக்கழகக் குழு 59 ஆண்களை உணர்கருவி பதித்த பலகைமேல் நிற்கவைத்துப் பார்த்து, 2007இல் முடிவை வெளியிட்டது: எடை கூடக் கூட உடல் ஆடும் வேகமும் கூடுகிறது.

அப்படியானால் 150 கிலோ சுமோ வீரர் எப்படி அசையாமல் நிற்கிறார்? அவர் முழங்காலை மடக்கி, கால்களை அகட்டி, மையத்தைத் தாழ்த்திக்கொள்கிறார். அந்தக் கால்களுக்குப் பல ஆண்டுப் பயிற்சியும் உண்டு. வெளியிலிருந்து வரும் தள்ளலை எதிர்க்க எடை உதவும். தானாகச் சாயத் தொடங்கிய உடலை நிறுத்த உதவாது. அதற்குத் தசைதான் வேண்டும்.

இதனால் ஒல்லியானவர்கள் பிழைத்தார்கள் என்றும் எண்ண வேண்டாம். வயதோடு தசை கரைந்து எடை குறைந்தவர்களுக்கும் நிலை தடுமாறும். இன்னொரு முரணும் இருக்கிறது. பருமனானவர்கள் அதிகம் விழுகிறார்கள், ஆனால் விழுந்து இடுப்பெலும்பு முறிவது மெலிந்த முதியவர்களிடமே அதிகம். விழும்போது தாங்கிக்கொள்ளச் சதையும் இல்லை, எலும்பும் வலுவாக இல்லை.

ஆகவே எடைக் கருவியின் எண்ணை மட்டும் துரத்துவதில் பயனில்லை. பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் கொழுப்போடு தசையும் போகும். ‘பத்தே நாளில் இளைக்கலாம்’ விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை! சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். சுவரோரம் நின்று ஒற்றைக் காலில் பத்து வினாடி நிற்க முடிகிறதா என்று பாருங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் இந்தச் சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.