பட்டாள லாரியின் முன்பக்கத்தை உயர்த்தினால்...

லாரியின் சக்கரத்துக்கு மேலே, வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் லாரியின் ஸ்பிரிங். பாரத்தைத் தாங்குவது அதன் ஒரு வேலை. பள்ளத்தில் விழும் சக்கரத்தின் அதிர்ச்சி மேலே ஏறாமல் தடுப்பது இன்னொரு வேலை. அந்த ஸ்பிரிங்கைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் என்ன ஆகும்? லாரி உயரமாகும், அவ்வளவுதானே என்று தோன்றும். அவ்வளவுதானா என்று பார்ப்போம்.

இரண்டரை டன் லாரி

அமெரிக்க இராணுவத்தில் 1950ஆம் ஆண்டையொட்டிச் சேர்ந்து, பல பத்தாண்டுகள் உழைத்த லாரி எம்-35. கரடுமுரடான நிலத்தில் இரண்டரை டன் சுமக்கக் கூடியது என்பதால் வீரர்கள் அதை 'இரண்டரை' என்ற பொருளில் 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்' என்று செல்லமாக அழைத்தார்கள். முன்னால் ஓர் அச்சு, பின்னால் இரண்டு அச்சுகள்; மூன்றுக்கும் இயந்திரத்தின் விசை போகும்.

இராணுவம் கழித்துவிட்ட இந்த லாரிகளை ஏலத்தில் வாங்கிய ஆர்வலர்கள் பலர், தங்கள் விருப்பப்படி மாற்றியமைத்தார்கள். பின் அச்சு ஒன்றைக் கழற்றிவிட்டு, நீளத்தைக் குறைத்து, பெரிய டயர்களை மாட்டுவது அவர்கள் வழக்கம். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

பழைய டயரின் விட்டம் ஏறத்தாழ 102 செ.மீ. அதற்குப் பதில் 118 செ.மீ. டயரை மாட்டுவதாகக் கொள்வோம். ஆரம் 8 செ.மீ. கூடுகிறது. ஆகவே டயரின் மேல்விளிம்பு, மட்கார்டை நோக்கி 8 செ.மீ. நெருங்கிவிடும். சமதரையில் நிற்கும்போது தொந்தரவு தெரியாது. சக்கரம் ஒரு மேட்டில் ஏறி, ஸ்பிரிங் அமுங்கி, அதே நேரத்தில் ஸ்டியரிங்கும் திரும்பியிருந்தால் டயர் மட்கார்டில் உரசும். ஓட்டத்தில் உரசும் டயர் கிழியும். அதனால்தான் முன் அச்சுக்கும் லாரியின் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டுகிறார்கள்.

அச்சு உயர்ந்ததா?

இங்கே ஒரு கேள்வி. ஸ்பிரிங்கை 10 செ.மீ. உயர்த்திவிட்டோம். இனி 10 செ.மீ. கூடுதல் உயரமுள்ள பாறையையும் தாண்டிவிடலாமா?

முடியாது! உயர்ந்தது சட்டமும் அதன் மேலுள்ளவையும்தான். அச்சின் நடுவே குடம் போலப் பருத்திருக்கும் டிஃபரன்ஷியல் பழைய இடத்திலேயே இருக்கிறது. அதன் உயரத்தைத் தீர்மானிப்பது டயரின் ஆரம் மட்டுமே. ஜெர்மனியில் 1948இல் உற்பத்தி தொடங்கிய யூனிமாக் வண்டியில் இதற்கு வேறொரு வழி கண்டார்கள். அச்சைச் சக்கரத்தின் மையத்துக்கு மேலாக வைத்து, சக்கரத்தருகே பற்சக்கரங்கள் மூலம் விசையைக் கீழே இறக்கினார்கள். டயர் பெரிதாகாமலே அச்சு உயர்ந்துவிட்டது.

ஹூக் சொன்ன விதி

ஸ்பிரிங்கை உயர்த்த எளிய வழி, இன்னொரு பட்டையைச் சேர்ப்பது என்று தோன்றலாம். இராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதியை நீங்கள் படித்திருப்பீர்கள்: ஸ்பிரிங் அமுங்கும் அளவு, அதன்மீதுள்ள விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒரு பாரத்துக்கு 10 செ.மீ. அமுங்கும் ஸ்பிரிங்கின் விறைப்பைக் கால் பங்கு கூட்டினால், அதே பாரத்துக்கு 8 செ.மீ. அமுங்கும். கிடைத்த உயரம் 2 செ.மீ.தான். ஆனால் ஸ்பிரிங் விறைத்துவிட்டதால் ஒவ்வொரு குழியும் ஓட்டுநரின் முதுகெலும்பில் தெரியும். பழைய விறைப்பே உள்ள, கூடுதலாக வளைந்த பட்டைகளைப் போடுவதே நல்லது.

ஸ்பிரிங்கின் ஒரு முனையைத் தாங்கும் ஷாக்கிள் என்ற துண்டை நீளமாக்குவதும் உண்டு. ஆனால் அச்சு ஸ்பிரிங்கின் நடுவில் இருப்பதால், ஷாக்கிள் 10 செ.மீ. நீண்டால் லாரி ஏறத்தாழ 5 செ.மீ.தான் உயரும். அதோடு ஸ்பிரிங் ஒரு பக்கம் சாய்ந்து, அச்சும் சற்றுச் சுழன்றுவிடும்.

சுழன்றால் என்ன? உங்கள் சைக்கிளைப் பாருங்கள். முன்கவை நேராக நிற்காமல், மேல்முனை பின்பக்கம் சாய்ந்திருக்கும். சைக்கிள் நேரே செல்ல இந்தச் சாய்வு உதவுகிறது. லாரியின் முன்சக்கரம் திரும்பும் முளைக்கும் இதே போன்ற சிறு சாய்வு உண்டு. அது குறைந்தால் வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. லாரி சாலையில் அலையும்.

ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று

அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு வைத்துச் சாய்வைச் சரிசெய்யலாம். ஆனால் முன் அச்சுக்கு விசையைக் கொண்டுவரும் தண்டின் கோணமும் அப்போது மாறிவிடும்! அந்தத் தண்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு மூட்டு இருக்கிறது. ஆங்கில நூல்கள் இதை ஹூக் மூட்டு என்றே சொல்லும். ஸ்பிரிங் விதி தந்த அதே ஹூக்தான். 20 பாகைக் கோணத்தில் சுழலும் ஒற்றை மூட்டு, ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தை ஏறத்தாழ 6 சதவீதம் கூட்டியும் குறைத்தும் தரும். இரு மூட்டுகளின் கோணங்களும் சமமாக இருந்தால், முதல் மூட்டின் குறையை இரண்டாவது மூட்டு ஈடுசெய்துவிடும். சமமில்லாவிட்டால் தண்டு அதிரும். நாளடைவில் மூட்டு தேயும்.

கவிழும் கோணம்

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஈர்ப்பு மையம். இரு சக்கரங்களுக்கிடையே 180 செ.மீ. அகலமும், 120 செ.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையமும் உள்ள லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலத்தில் பாதியான 90ஐ 120ஆல் வகுத்தால் 0.75. இது 37 பாகையின் டேன்ஜென்ட் மதிப்பு. அதாவது, பக்கச் சரிவு 37 பாகையைத் தாண்டினால் லாரி கவிழும். டயரும் ஸ்பிரிங்கும் சேர்ந்து ஈர்ப்பு மையத்தை 15 செ.மீ. உயர்த்தினால், அந்தக் கோணம் 34 பாகையாகக் குறைகிறது. நடைமுறையில் கீழ்ப்பக்க ஸ்பிரிங் அமுங்குவதால் இதற்கு முன்பே கவிழ்ந்துவிடும்.

செய்து பாருங்கள்: ஒரு பலகையில் சொரசொரப்பான துணியை விரித்து, ஒரு தீப்பெட்டியைப் படுக்கவைத்தும், இன்னொன்றை நிமிர்த்தியும் வையுங்கள். பலகையை மெல்லச் சாயுங்கள். எது முதலில் விழுகிறது?

ஆகவே அனுபவமுள்ள மெக்கானிக் தேவையான அளவுக்கு மேல் ஒரு செ.மீ. கூட உயர்த்தமாட்டார். வேலை முடிந்ததும், லாரியைத் தூக்கி முன்சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்ப்பார். பிரேக் குழாய் இழுபடுகிறதா, ஸ்டியரிங் தண்டு எதிலாவது இடிக்கிறதா என்று சோதிப்பார். நீளம் போதாத ஒரு ரப்பர்க் குழாய் அறுந்தால், பல டன் எடையுள்ள லாரி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. இயந்திரத்தில் ஓர் உறுப்பை நகர்த்தினால் அதோடு இணைந்த எல்லா உறுப்புகளும் கணக்குக் கேட்கும். அந்தக் கணக்கை லாரி சாலையில் இறங்குமுன்பே போட்டு முடிப்பதுதான் பொறியியல்.