எஸ்தரைப் புதினமாக்குதல்

எஸ்தரின் கதை எபிரேய மூலத்தில் பத்தே அதிகாரங்களில் முடிந்துவிடுகிறது. பெற்றோரை இழந்தவள், மொர்தெகாயால் வளர்க்கப்பட்டவள், அழகுடையவள் என்பதற்கு மேல் அவளது இளமை குறித்து நூல் ஏதும் கூறவில்லை. வரலாற்றுப் புதினம் எழுதுவோர்க்கு இம்மௌனமே வாய்ப்பு, இடரும் அதுவே.

கதை நிகழும் இடம் பாரசீகத் தலைநகருள் ஒன்றாகிய சூசா. அகாஸ்வேரு என்னும் மன்னனை, கி.மு. 486 முதல் 465 வரை ஆண்ட முதலாம் செர்க்சஸ் என்றே ஆய்வாளர் பெரும்பாலும் கொள்வர். ஆட்சியின் மூன்றாம் ஆண்டில் அவன் பெருவிருந்து அளிக்கிறான். அழைத்தும் வர மறுத்த அரசி வஸ்தியை விலக்குகிறான். எஸ்தர் அவன்முன் நிறுத்தப்படுவதோ ஏழாம் ஆண்டில். இடைப்பட்ட காலத்தில் அவன் செய்தது என்ன? விவிலியம் சொல்லாததைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். கி.மு. 480இல் கிரேக்கத்தின்மீது படையெடுத்த செர்க்சஸ், சலாமிஸ் கடற்போரில் தோற்றான். எனவே எஸ்தர் மணந்தது தோற்றுத் திரும்பிய அரசனை. அழையாமல் உள்முற்றம் புகுந்தால் மரணம். அவன் பொற்செங்கோலை நீட்டினால் மட்டுமே உயிர். மானம் குன்றிய ஒருவனது கையில் அச்செங்கோல் இருப்பதாக எண்ணிப் பார்த்தால், அவளது அச்சம் வேறொரு கனம் பெறுகிறது.

ஆனால் அதே ஹெரோடோட்டஸ் குறிப்பிடும் அரசியின் பெயர் அமெஸ்டிரிஸ். எஸ்தரைப் பற்றி அவர் யாதும் உரைக்கவில்லை. இதனாலும் பிறவற்றாலும் எஸ்தர் நூலையே பழங்காலப் புதினமாகக் கருதும் அறிஞர் பலர். இதனை வகுப்பறையில் மறைக்க வேண்டுவதில்லை.

இன்னொரு வியப்பு: எபிரேய மூலத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்தும் இல்லை. அதனைப் பொறுக்கமாட்டாமற் போலும், கிரேக்க வடிவத்தைத் தந்தோர் எஸ்தரின் வாயில் நீண்ட மன்றாட்டொன்றை வைத்தனர். அரசன்முன் அவளை மயங்கி விழவும் செய்தனர். அவளது மனத்துள் புகுந்து எழுதிய முதற்புனைவாளர் அவர்களே எனலாம்.

மிகக் கடினமான பகுதி இறுதியில் உள்ளது. யூதரை அழிக்கச் சூழ்ந்த ஆமான் தூக்கிலிடப்பட்டதும் கதையை நிறுத்திவிட எவர்க்கும் ஆசை எழும். நூலோ நிறுத்தவில்லை. நாடெங்கும் பகைவர் 75,000 பேர் மாண்டதாகவும், சூசாவில் மட்டும் முதல்நாள் 500 பேர் வீழ்ந்தபின் எஸ்தரே இன்னும் ஒருநாள் வேண்டிப் பெற்றதாகவும், அன்று மேலும் 300 பேர் மடிந்ததாகவும் அது கூறுகிறது. இவ்வேண்டுகோளை விட்டுவிட்டு எழுதப்படும் எஸ்தர், என் கருத்தில், பாதி எஸ்தரே. அதனைச் சேர்க்கும் எழுத்தாளர் அவ்வித்தை முன்னரே ஊன்றியிருத்தல் வேண்டும். அதற்கேற்ற காலம் அந்தப்புரத்தில் அவள் கழித்த பன்னிரு மாதங்கள்: ஆறு மாதம் வெள்ளைப்போள எண்ணெய், ஆறு மாதம் நறுமணப் பொருள்கள், அத்தனை நாளும் தன் குலத்தை எவரிடமும் சொல்லாத வாய்.