ரெண்டும் ஒரே நிறந்தானா?



தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் காம்பராவுக்குப் பெயின்ட் அடிக்க நினைப்பவர்கள் நம்மில் பலர். சென்ற முறை ஓர் அம்மா, கடையில் கொடுத்த நிற அட்டையை என்னிடம் நீட்டினார். ஒன்று சாம்பல் கலந்த வெள்ளை, மற்றது சந்தனம் கலந்த வெள்ளை. "ரெண்டும் ஒண்ணுதானே ஐயா, எதை அடிச்சா என்ன?" என்று கேட்டார். அட்டையில் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அவர் வீட்டுச் சுவரில் ரெண்டையும் கொஞ்சம் அடித்துப் பார்த்தோம். பனிமூட்டமான காலையில் சாம்பல் வெள்ளை, ஈரச் சுவர் மாதிரி இருண்டு கிடந்தது. சந்தன வெள்ளை வெளிச்சமாக இருந்தது. இரவில் மஞ்சள் பல்பைப் போட்டதும் கதை மாறியது. சந்தனம் கடும் மஞ்சளாகத் தெரிந்தது. சாம்பல்தான் கண்ணுக்கு இதமாக இருந்தது.

காரணம் என்ன? சுவரின் நிறம் பெயின்டை மட்டும் பொறுத்ததல்ல, அதில் விழும் வெளிச்சத்தையும் பொறுத்தது. கடையில் இருப்பது டியூப் லைட். நமது பழைய லயக் காம்பராவிலோ ஒரு கதவு, ஒரு சிறிய ஜன்னல். கதவு வழியே தேயிலையின் பச்சைச் சாயல் வரும். சிவப்புப் பொலிஷ் போட்ட தரையின் சாயலும் சுவரில் ஏறும். மங்கலான நிறங்களில் இவை சீக்கிரம் தெரிந்துவிடும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

1. பெரிய வாளி வாங்குமுன், ரெண்டு நிறத்திலும் கிடைக்கிற மிகச் சிறிய டின்னை வாங்குங்கள். பக்கத்து வீட்டாரோடு பங்கு போட்டால் செலவு குறையும்.

2. உதிரும் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு, 2 அடிக்கு 2 அடி அளவில் ரெண்டு தரம் பூசுங்கள். ஜன்னல் பக்கமும் இருட்டு மூலையிலும் பூசுங்கள்.

3. நன்றாகக் காய்ந்த பிறகு பாருங்கள். ஈரத்தில் தெரிவது சரியான நிறமல்ல.

4. காலை, மத்தியானம், இரவு என்று மூன்று நேரமும் பாருங்கள்.

5. சில நிற அட்டைகளில் 0 முதல் 100 வரை ஓர் எண் இருக்கும். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதை அது சொல்லும். கறுப்பு 0 பக்கம், வெள்ளை 100 பக்கம். இருட்டு அறைக்குக் கூடிய எண்ணே நல்லது.

அந்த அம்மா சந்தன வெள்ளையையே எடுத்தார். "பல்பு போடுறது ராவுல கொஞ்ச நேரந்தான் ஐயா. மாமி பகல் முழுக்க உள்ளுக்குத்தான் இருக்காங்க. பிள்ளையும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கதான் படிக்குது" என்றார்.

அதுதான் சரியான கணக்கு. உங்கள் காம்பராவில் யார், எந்த நேரத்தில் அதிகம் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த நேரத்து வெளிச்சத்தில் எது நன்றாக இருக்கிறதோ, அதுவே உங்களுக்கு ஏற்ற நிறம்.